15 கட்டிலும் ஒரு விளக்கும்

திருமுக்கூடல் கோயில் சுவரில் இருப்பது ஒரு ட்யூட்டி லிஸ்ட் என்று நான் சொன்னால் கல்வெட்டு படிப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும். 34 வருஷம் அரசு ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்தவள் கண்ணுக்கு அது அப்படித்தான் பட்டது.

நாங்கள் கிளம்பியது கல்வெட்டு பார்க்க இல்லை. அக்காவுக்கு ஒரு முதியோர் இல்லம் தேடிக்கொண்டிருந்தோம். அக்காவுக்கு வயது 74. கல்யாணம் செய்துகொள்ளவில்லை; கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் முக்கால்வாசி போய்விட்டது. ஏழு மாதம் நானே வைத்துப் பார்த்தேன். பெரம்பூரில் லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி. எனக்கும் 66 ஆகிறது, முழங்கால் இரண்டும் சரியில்லை. ஒருநாள் அவளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது இருவருமாகத் தரையில் சரிந்தோம். தூக்கிவிட ஆள் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை அக்கா இடது கையால் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். கடைசியில் வாயைக் கோணிக்கொண்டு ஒரே ஒரு சொல் சொன்னாள்: “இல்லம்.”

முதலில் பார்த்த இடம் செங்கல்பட்டைத் தாண்டி. வரவேற்பறையில் பிள்ளையார், மீன்தொட்டி, நிறுவனர் ஓர் அமைச்சருக்குச் சால்வை போர்த்தும் படம். உள்ளே படுத்த படுக்கையாக இருப்பவர்கள் ஒன்பது பேர். ஒவ்வொருவர் தலைமாட்டிலும் கட்டம் போட்ட அட்டை தொங்கியது; இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைத்ததற்குக் கையெழுத்து. எனக்கு வாயெல்லாம் பல். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டப் போனேன். அப்போது மணி காலை பதினொன்றரை. மதியம் இரண்டு, நான்கு, மாலை ஆறு என்ற கட்டங்களிலும் கையெழுத்து போட்டு முடித்திருந்தார்கள்.

திரும்பும்போது நான் பேசவில்லை. கார் ஓட்டிக்கொண்டிருந்த தம்பி மகன் தமிழ் வாத்தியார். ஊர் ஊராகப் போய்க் கல்லைப் பார்க்கிற பைத்தியம் உண்டு. “அத்தை, பத்து நிமிஷம். உங்களுக்கு ஒரு ஆஸ்பத்திரி காட்டறேன்” என்று வண்டியைப் பழைய சீவரம் பக்கம் விட்டான்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் என்பதால் அந்த ஊர் முக்கூடல். மூன்றிலும் தண்ணீரைத்தான் காணோம். கரையில் வெங்கடேசப் பெருமாள் கோயில். சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு. 1069 வாக்கில் வெட்டியது. கோயிலை ஒட்டி ஒரு கல்விச்சாலை, மாணவர் விடுதி, வீரசோழன் பெயரால் ஆதுலசாலை என்கிற ஓர் ஆஸ்பத்திரி. அவன் விரலால் தடவித் தடவிச் சொல்லிக்கொண்டே வந்தான். நான் மனத்துக்குள் அதை ரிஜிஸ்டரில் ஏற்றிக்கொண்டே வந்தேன்.

கட்டில் 15. மருத்துவர் ஒருவர், கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்று பெயரே இருக்கிறது. அவருக்கு நாளொன்றுக்கு மூன்று குருணி நெல், அதற்குமேல் காசு, நிலம். சல்லியக்கிரியை, அதாவது அறுவை வேலை செய்பவருக்கு ஒரு குருணி. மூலிகை பறித்து, விறகு கொண்டுவந்து, மருந்து காய்ச்சும் ஆட்கள் இருவர்; தலைக்கு ஒரு குருணி. நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு மருந்து கொடுக்கும் பெண்கள் இருவர். தலைக்கு நான்கு நாழி. நாவிதர் ஒருவர். படுத்திருப்பவர் ஒவ்வொருவருக்கும் தினம் ஒரு நாழி அரிசி. இரவு விளக்குக்கு எண்ணெய்ச் செலவு தனியாக. இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகள் இருபது வகை. வாசா அரீதகி, வில்வாதி நெய், கல்யாண லவணம் என்று ஸ்டோர் இண்டெண்ட் போல வரிசையாக.

குருணிக்கு எட்டு நாழி என்று அவன் விளக்கினான். அப்படியானால் விறகு சுமந்தவருக்குக் கிடைத்ததில் பாதிதான் நோயாளியின் மலம் அள்ளிய பெண்ணுக்கு. எங்களுக்கு இதைச் சொல்ல ஆயிரம் வருஷத்துக் கல் தேவையில்லை.

இது முதியோர் இல்லம் இல்லை என்பது எனக்குத் தெரியும். மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்குமான இடம். கல்லில் இருப்பது ஒதுக்கீடு மட்டுமே. ஒவ்வொரு இரவும் அந்த விளக்கு எரிந்ததா என்று கல் சொல்லாது. செங்கல்பட்டில் தொங்கிய அட்டையும் ஒருவகையில் கல்வெட்டுதான். ஆனாலும் இந்த எழுத்தில் எனக்கு ஒரு பிடிப்பு வந்துவிட்டது. எத்தனை படுக்கை, எத்தனை கை, ஒவ்வொரு கைக்கும் என்ன கூலி, ராத்திரிக்கு எவ்வளவு எண்ணெய். இது ஊரார் பார்க்கிற சுவரில் இருக்கிறது. நெல் குறைந்தால் அந்தப் பெண் சுவரைக் காட்டிக் கேட்கலாம். அன்றைக்கு நான் பார்த்துவிட்டு வந்த பளபளப்பான புத்தகத்தில் தோட்டம் எத்தனை சென்ட், கேமரா எத்தனை, தியான மண்டபம் எத்தனை சதுர அடி என்றெல்லாம் இருந்தது. ஆள் கணக்கு இல்லை.

15 பேருக்கு இரண்டு பெண்கள் என்றால் ஒருத்திக்கு ஏழெட்டு பேர். இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற இடங்களில் ஐந்துக்கு ஒன்று. காகிதத்தில். நான் ஒரு மாவட்டத்தில் நைட் ட்யூட்டியில் 40 கட்டிலைத் தனியாகப் பார்த்திருக்கிறேன். விடியும்போது எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று எண்ணிவிட்டுத்தான் முகம் கழுவுவேன். அதனால் சோழர் காலத்துக் கணக்கைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

தஞ்சாவூர்ப் பக்கம் போனால் இதே விஷயம் சத்திரங்களில் வருகிறது. இராமேசுவரம் போகும் பாதை நெடுக மராட்டிய அரச குடும்பத்தார் கட்டிய சத்திரங்கள் உண்டு. இரண்டாம் சரபோஜி 1801இல் கம்பெனியின் ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு அவற்றைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். வருமானத்தைக் கம்பெனி கையில் எடுத்துக்கொண்டுவிடுமோ என்ற கவலையில் எழுதிய கடிதம்; அதனால் ஒன்றுவிடாமல் சொல்கிறார். சோறு போடுவதோடு நிற்பதில்லை. வழியில் நோயில் விழுந்தவருக்கு வைத்தியரும் மருந்தும் பத்தியச் சாப்பாடும் குணமாகும் வரை உண்டு. பிள்ளைத்தாய்ச்சிகளுக்குப் பிரசவம் பார்ப்பதுண்டு. இறந்துபோனால் அவரவர் வழக்கப்படி காரியம் செய்வதுண்டு. தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளை வளர்த்துப் படிக்கவைப்பதுண்டு. அடுத்த வருஷமே ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் என்ற பெண்ணின் பெயரால் பெரிய சத்திரம் எழும்பியது. அந்தக் காலத்தில் காசி, இராமேசுவரம் என்று நடந்தவர்களில் கிழவர் கிழவிகள் எத்தனை பேர் திரும்பி ஊர் போயிருப்பார்கள்? பாதியில் கால் ஓய்ந்தவர்களுக்குச் சத்திரத் திண்ணைதான் கடைசி வீடாக இருந்திருக்கும். இது என் ஊகம். வார்டில் ‘விலாசம் இல்லை’ என்று கேஸ் ஷீட்டில் எழுதிப் பழகியவள் ஊகம்.

சென்னை விஷயம் எனக்கு இன்னும் நெருக்கம். ஸ்டான்லியில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். அந்தப் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு அது ஸ்டான்லி இல்லை, கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி. 1780இல் ஹைதர் அலி படையெடுத்து வந்தபோது கிராமங்கள் எரிந்தன, விளைச்சல் போயிற்று. பஞ்சத்தில் சனங்கள் பட்டணத்துக்குள் வந்து விழுந்தார்கள். 1782இல் அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஓர் இடம் ஏற்பட்டது. மணியக்காரர் சத்திரம், வெள்ளைக்காரன் வாயில் அது ‘மொனிகர் சவுல்ட்ரி’ ஆனது. 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் உள்ளூர்வாசிகளுக்கு அங்கே ஒரு வைத்தியசாலையைத் தொடங்கினார். வைத்தியசாலை வளர்ந்து பின்னாளில் ஒரு கவர்னர் பெயரைச் சூடிக்கொண்டது. சத்திரம் சத்திரமாகவே இருந்தது. பஞ்சம் போன பிறகும் போக்கிடம் இல்லாத முதியவர்கள் அங்கே தங்கினார்கள். எனக்குத் தெரிந்த காலத்திலும் இருந்தார்கள்.

எங்கள் பாட்டி கோபம் வந்தால், “நீங்கள்ளாம் என்னைக் கஞ்சித் தொட்டிக்கு அனுப்பிடுவீங்கடி” என்பாள். அதைவிடப் பெரிய சாபம் அவளுக்குத் தெரியாது. இந்த நாட்டில் முதியோர் இல்லம் பிறந்த வயிறு அது. யாரும் இல்லாதவர்களுக்கு யாரோ போடும் சோறு. தர்மச் சோற்றில் உப்பு குறை என்று யாரும் சொல்லமாட்டார்கள். சொல்லாமலே இருநூறு வருஷம் பழகிவிட்டோம். இன்றைக்கு மாதம் முப்பதாயிரம், நாற்பதாயிரம் கட்டுகிற பிள்ளைகளும் அந்த வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறேன். அம்மாவைக் கொண்டுவந்து விடுகிறோமே என்ற குற்ற உணர்வில், ராத்திரி எத்தனை ஆள் என்று கேட்க வாய் வருவதில்லை. ஸ்கூட்டி வாங்கும்போது இவர்கள் கேட்கிற கேள்வியில் பாதிகூட இங்கே கேட்பதில்லை.

இன்னொரு குழப்பம், பெயர். நம் ஊரில் ‘நர்சிங் ஹோம்’ என்று போர்டு இருந்தால் உள்ளே பிரசவம் நடக்கும், குடல்வால் எடுப்பார்கள். 1997இல் தனியார் மருத்துவமனைகளுக்கென்று தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்து, அதற்கான விதிகள் 2018இல் வந்தன. இந்த நர்சிங் ஹோம்கள் அதில் அடங்கும். அமெரிக்காவிலிருந்து என் சிநேகிதியின் மகன், “ஆன்ட்டி, அம்மாவுக்கு நல்ல நர்சிங் ஹோம் சொல்லுங்க” என்று போனில் கேட்டபோது, இந்த வயதில் அவளுக்கு என்ன ஆபரேஷன் என்று பதறிவிட்டேன்.

அவன் கேட்கிற பொருளில் அந்தச் சொல்லுக்கு இங்கிலாந்தில் ஒரு அசிங்கமான முன்கதை உண்டு. எங்களுக்கு நர்சிங் வரலாறு என்று ஒரு பாடம்; எல்லாரும் தூங்குவார்கள், நான் ஆக்னஸ் ஜோன்ஸ் வரும்போது மட்டும் விழித்திருப்பேன். அங்கே ஏழைகளையும் கிழவர்களையும் ‘வொர்க்ஹவுஸ்’ என்ற இடத்தில் அடைத்து வைத்தார்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆள் போடுவதில்லை. உள்ளேயே கொஞ்சம் நடமாடக்கூடிய இன்னொரு ஏழைக் கிழவியைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது. அவளுக்கும் பசி, குடி. 1865இல் லிவர்பூல் வொர்க்ஹவுஸ் ஆஸ்பத்திரிக்கு ஆக்னஸ் ஜோன்ஸ், நைட்டிங்கேல் பள்ளியில் பயின்ற 12 நர்ஸ்களோடு போனார். வில்லியம் ராத்போன் என்ற வணிகர் செலவை ஏற்றுக்கொண்டார். மூன்று வருஷத்தில் டைஃபஸ் காய்ச்சலில் ஆக்னஸ் இறந்துபோனார், 35 வயது. ஆனால் ஏழைக்கும் பயின்ற கைதான் வேண்டும், அந்தக் கைக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும் என்ற பேச்சு அங்கிருந்து நிலைத்தது.

பிரான்சில் வேறு மாதிரி. 1839 குளிர்காலத்தில் ழான் ழுகான் என்ற வீட்டு வேலைக்காரப் பெண், கண் தெரியாமல் கைகால் விழுந்த ஒரு கிழவியைத் தன் அறைக்குக் கூட்டிவந்து தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தான் பரணில் படுத்தாள். அதிலிருந்து ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’ சபை வளர்ந்து 1882இல் கல்கத்தா வரை வந்தது. சென்னையிலும் அவர்களுக்கு இல்லம் உண்டு. கூடை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறிக் கேட்டு வாங்கிவந்துதான் சமைக்கவேண்டும் என்பது ழான் ஏற்படுத்திய வழக்கம். அங்கே படுக்கைப் புண் பார்க்க ஒருமுறை போயிருக்கிறேன், ஆஸ்பத்திரியிலிருந்து தெரிந்தவர் ஒருவருக்காக. போர்வையைத் தூக்கிப் பார்க்க என்னை விட்டார்கள். அதை இப்போதுவரை மறக்கவில்லை, ஏனென்றால் பிறகு நான் போன இல்லங்களில் விடவில்லை.

எங்கள் மேட்ரன் ஒருவர் லண்டனில் படித்துவிட்டு வந்தவர். பீட்டர் டவுன்சென்ட் என்ற ஆராய்ச்சியாளரைப் பற்றி அவர் ஓயாமல் சொல்லுவார். 1948இல் வொர்க்ஹவுஸ் முறையை ஒழித்தாயிற்று என்று இங்கிலாந்து மார்தட்டிக்கொண்டிருந்தது. பத்து வருஷம் கழித்து டவுன்சென்ட் 173 இல்லங்களை நேரில் போய்ப் பார்த்தார். போர்டு மட்டும்தான் மாறியிருந்தது. அதே கட்டடம், அதே கூடம், வரிசைக் கட்டில். 1962இல் அவர் புத்தகம் வந்தபோது பெரிய அதிர்ச்சி. இல்லத்தை எடைபோட ஒரு முறையும் அவர் வகுத்தார். கட்டடம் ஒரு பங்குதான். ஆள் எத்தனை, பொழுதைக் கழிக்க ஏதாவது இருக்கிறதா, நினைத்த நேரத்தில் எழுந்து நினைத்த இடத்துக்குப் போக முடிகிறதா என்பதெல்லாம் அதில் உண்டு. சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு எழுதவில்லை; ஓர் இல்லத்தில் சில நாள் முதியவர்களைக் குளிப்பாட்டும் வேலையே செய்தார். மேட்ரனுக்கு அந்த ஆளிடம் இருந்த மரியாதை புத்தகத்துக்காக இல்லை, அந்தக் குளியலறைக்காக.

அதே 1962இல்தான் டோரீன் நார்ட்டன் என்ற நர்ஸ் இன்னும் இருவரோடு சேர்ந்து, படுக்கைப் புண் யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல மதிப்பெண் முறை ஒன்றைக் கொண்டுவந்தார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவு, சிறுநீர் மலம் கட்டுப்பாடு. ஐந்துக்கும் நாலு நாலு மார்க். அதுவரை புண்ணுக்குப் பூசாத பொருள் இல்லை: சாராயம், முட்டை வெள்ளை, களிம்பு. எதைப் பூசுகிறோம் என்பது பெரிதில்லை, சரியான நேரத்தில் புரட்டிப்போடுவதுதான் பெரிது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த ஆராய்ச்சிதான். செங்கல்பட்டு அட்டையின் பூர்வீகம் இது. வித்தை வந்து சேர்ந்தது, கை வந்து சேரவில்லை.

நான் பயிற்சியில் இருந்தது 1978இல். அந்த ஒரே வருஷத்தில் இந்தத் துறையில் மூன்று காரியங்கள் நடந்தன என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் வி. எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவு தொடங்கினார். ஆதரவற்ற வயதான பெண்களுக்காகச் சாவித்திரி வைத்தி ‘விஸ்ராந்தி’யை ஆரம்பித்தார். டெல்லியில் ‘ஹெல்ப்ஏஜ் இந்தியா’ உருவானது. முதியோர் மருத்துவம் என்று எம்.டி. படிப்பே 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் வந்தது. இப்போது கிண்டியில் முதியோருக்கென்றே 200 படுக்கையோடு தேசிய மையம், 2024இல் திறந்தது. அக்காவையும் அங்கே காட்டினோம். ஆனால் ஆஸ்பத்திரி வீடாகாது, டிஸ்சார்ஜ் என்று ஒரு நாள் வந்தே தீரும்.

2007இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்தது. பிள்ளைகள் மேல் ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுக்கலாம், மாதம் பத்தாயிரம் வரை வாங்கலாம் என்ற பகுதியைத்தான் எல்லாரும் சொல்வார்கள். மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும்படி முதியோர் இல்லம் அரசு அமைக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. ‘அமைக்கலாம்’தான், ‘அமைக்கவேண்டும்’ இல்லை. கல்லில் வெட்டினவர்கள் இந்த ‘லாம்’ போட்டுத் தப்பிக்கவில்லை.

சரி, தேடல். மொத்தம் பதினோரு இடம் பார்த்தோம். எல்லாவற்றையும் சொல்லப்போவதில்லை. பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி ஒன்று, லாபியில் காபி மெஷின்; மேனேஜர் பையன் டை கட்டியிருந்தான். “மேடம், இங்க ரெசிடெண்ட்ஸ் எல்லாரும் ஹாப்பி” என்றான். ஹாப்பியாக இருந்த ஒரு தாத்தாவின் நகத்தைப் பார்த்தேன், வளைந்து சதையில் குத்திக்கொண்டிருந்தது. திருமுக்கூடலில் நாவிதருக்கு ஒதுக்கிய நெல் நினைவுக்கு வந்தது.

செங்கல்பட்டுக்குப் பிறகு நான் எப்போதும் மத்தியானம் மூன்று மணிக்குத்தான் போனேன். காலை எல்லா இடமும் பினாயில் மணக்கும். சாப்பாடு முடிந்து ஆயாக்கள் கண்ணசரும் மூன்று மணிக்குத்தான் கட்டடம் தன் சொந்த வாசனையை வெளியில் விடும். மூத்திர நாற்றத்துக்குப் பயப்படவேண்டாம், வயதானவர்கள் இருக்கும் இடத்தில் அது வரும் போகும். நாள்பட்டுச் சுவரில் ஊறிய நாற்றம் வேறு, கண்ணைக் கரிக்கும். அடுத்து குதிகால். போர்வைக்கு வெளியே தெரிகிற குதிகாலைப் பார்த்தாலே புட்டம் எப்படியிருக்கும் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். தண்ணீர் டம்ளர் கை எட்டும் தூரத்தில் இருக்கிறதா, இல்லை ஜன்னல் மேடையில் அழகாக மூடி வைத்திருக்கிறதா? பல்செட் டப்பாக்களில் பெயர் இருக்கிறதா? ஒரு இடத்தில் பல்செட்டெல்லாம் ஒரே பேசினில் மிதந்தன. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்டேன். இங்கே கடைசியாக இறந்தவர் யார், அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்? ஏழு இடத்தில், “இங்க அப்படியெல்லாம் நடக்காதும்மா, சீரியஸ்னா உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவோம்” என்றார்கள், பெருமையாக. சரபோஜி அந்தக் கேள்விக்கு வெள்ளைக்காரனுக்கே பதில் எழுதியிருக்கிறார்.

பதினோராவது இடம் உத்திரமேரூர்ச் சாலையில், முன்னொரு காலத்தில் அரிசி மில் முதலாளி வீடாக இருந்த ஓட்டுக் கட்டடம். 16 பேர். நடத்துகிற அம்மாவுக்கு என் வயது இருக்கும். சுற்றிக் காட்ட எழுந்தவரை உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டேன்.

“ராத்திரியில எத்தனை பேரு?”

“ரெண்டு பேரும்மா. ஒருத்தி முழிச்சிருப்பா, ஒருத்தி படுப்பா. கூப்பிட்டா எழுந்துக்கணும்.”

தம்பி மகன் என் முழங்கையை இடித்தான். நான் சிரிக்கவில்லை. “சம்பளம்?”

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “இத்தனை வருஷத்துல இதை யாரும் கேட்டதில்ல” என்றார். பிறகு சொன்னார். பகல் ஆளைவிட ராத்திரி ஆளுக்கு இரண்டாயிரம் கூட. கடைசியாக இறந்தவர் யார் என்று கேட்டதற்கு, தை மாதத்தில் போன ஒரு பாட்டியின் பெயரைச் சொல்லி, “ராத்திரி ஆயா மடியிலதான் போச்சு உசிரு” என்றார். தலைமாட்டில் அட்டை எதுவும் தொங்கவில்லை. அது எனக்கு உறுத்தியது. கேட்டேன். ராத்திரி ஆயாவுக்கு எழுதத் தெரியாதாம். அவளிடம் வேறு கணக்கு இருக்கிறதாம். வேண்டுமென்றால் எந்த நேரத்திலும் வந்து பாருங்கள் என்றார். இதை எல்லாரும் சொல்வார்கள்.

அக்காவைச் சேர்த்து எட்டாம் நாள், விடியற்காலை நாலரைக்குப் போய் நின்றேன். கேட் பூட்டியிருந்தது, மணி அடித்தேன். ஆயா செருப்புச் சத்தத்தோடு உடனே வந்தாள். கண்ணில் தூக்கம் இல்லை. கூடத்தில் ஒரு சின்ன நீல விளக்கு. படுத்த படுக்கையாக இருப்பவர்கள் மூன்று பேர், ஒவ்வொரு கட்டிலுக்கு அடியிலும் ஒரு கொட்டாங்கச்சி. “என்ன இது?” என்றேன். ராத்திரி எட்டு மணியிலிருந்து ஒவ்வொரு தரம் திருப்பிப் படுக்கவைக்கும்போதும் ஒரு புளியங்கொட்டையைப் போடுவாளாம். காலையில் அந்த அம்மா வந்து எண்ணிவிட்டுக் கொட்டிவிடுவாராம்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு. கொட்டாங்கச்சியை இழுத்து, நீல வெளிச்சத்தில் விரலால் ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டிருந்தேன். மேலே அசைவு கேட்டது. அக்கா இடது பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தாள், கண் திறந்திருந்தது. முதுகுக்கு முட்டுக் கொடுத்திருந்த தலையணையில் சாய்ந்தபடியே இடது கையைக் கஷ்டப்பட்டுப் போர்வைக்குள்ளிருந்து எடுத்து, என் முகத்துக்கு நேரே ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள்.